வீடு விற்பனைக்குப் படம் எடுக்கும் தொழில்: சென்னையில் முதல் கேமராவிலிருந்து முதல் பில் வரை

மடிப்பாக்கத்தில் என் சித்தப்பா ஃப்ளாட்டை விற்க முடிவு செய்தபோது, புரோக்கர் வந்து செல்போனில் எட்டுப் படம் எடுத்து நெட்டில் போட்டார். ஹாலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பால்கனிக் கதவு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பட்டை. சுவர்கள் சரிந்து நின்றன. காலை முழுவதும் வெளிச்சம் கொட்டும் வீடு அது. படத்தில் குடோன் மாதிரி இருந்தது. பார்க்கப் பொறுக்காமல், நண்பனிடம் டிரைபாடு இரவல் வாங்கிக்கொண்டு போய் நானே மறுபடி எடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் வீடு பார்க்க வந்த ஒரு அம்மா வாசலில் நின்று ஹாலைப் பார்த்துவிட்டு, "படத்துல இருந்த மாதிரியே இருக்கே" என்றார்.

வீட்டு விற்பனைக்குப் படம் எடுப்பவர் கேட்க வேண்டிய பாராட்டு அதுதான். படத்தைப் பார்த்து வருகிறவர், படத்தில் பார்த்த அதே வீட்டுக்குள் நுழைய வேண்டும். அதைவிட மோசமாகக் காட்டினால் ஆள் வரமாட்டார். அதைவிடப் பெரிதாகக் காட்டினால் வந்தவர் வாசலிலேயே முகம் சுளித்துத் திரும்புவார். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கான கைப்பழக்கத்தைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில், காசு கொடுப்பவர் யார்?

கேமரா வாங்குவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் வாடகை வீட்டுப் புரோக்கருக்குக் கிடைப்பது வழக்கமாக ஒரு மாத வாடகை. அதிலிருந்து அவர் படத்துக்குக் காசு எடுத்துத் தருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பழைய ஃப்ளாட் விற்றுத் தரும் புரோக்கர்களில் ஒரு சிலர் தருவார்கள்; அதுவும் வீட்டின் விலை கோடியைத் தாண்டும்போது.

தொடர்ந்து வேலை தருபவர்கள் வேறு. ஓஎம்ஆர், பெரும்பாக்கம், போரூர் பக்கம், வாங்குபவருக்குக் காட்டுவதற்காக மாதிரி ஃப்ளாட் கட்டி வைத்திருக்கும் பில்டர்கள். வேலையை முடித்துச் சாவி கொடுக்கும் முன் படம் வேண்டும் என்று கேட்கும் இன்டீரியர் டிசைனர்கள். சர்வீஸ் அபார்ட்மெண்ட் நடத்துபவர்கள். ஈசிஆர், புதுச்சேரி, கொடைக்கானல் பக்கம் வீட்டை ஏர்பிஎன்பி தளத்தில் நாள் வாடகைக்கு விடுபவர்கள். இந்தக் கடைசி ஆட்களை லேசாக நினைக்காதீர்கள். படம் நன்றாக இருந்தால் அவர்களுக்கு அந்த வாரமே பலன் தெரிகிறது. அதனால் பேரம் குறைவு, மறுபடி கூப்பிடுவதும் அதிகம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வீட்டை விற்கும் நம்மவர்களும் உண்டு. துபாயிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் மகனுக்கு அண்ணா நகரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நேரில் வந்து காட்ட முடியாது. அவருக்குப் படம்தான் எல்லாம்.

கேமரா, லென்ஸ், டிரைபாடு

புதிதாக வருபவர்கள் காசை எல்லாம் கேமரா பாடியில் போட்டுவிட்டு, டிரைபாடு வாங்கும்போது கை சுருக்குகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வீடு ஓடிப்போவதில்லை, வேகமான ஆட்டோஃபோகஸ், நொடிக்கு இருபது படம் எல்லாம் நமக்கு எதற்கு? ரா ஃபார்மட்டில் (கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே சேமிக்கும் முறை) எடுக்கும், பிராக்கெட்டிங் வசதி (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுப்பது) உள்ள எந்தக் கேமராவும் போதும். ஐந்தாறு வருடப் பழைய செகண்ட் ஹேண்ட் கேமரா தாராளமாக வேலை செய்யும்.

லென்ஸ் வைட் ஆங்கிளாக, அதாவது அறையின் அகலத்தைப் பிடிப்பதாக இருக்க வேண்டும்; மி.மீ. எண் குறையக் குறைய அகலம் கூடும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 16-35 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 10-18 அல்லது 10-20 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை அகலமாகத் திறக்கும் 2.8 அப்பர்ச்சருக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், நாம் எப்போதும் துளையைச் சுருக்கி எஃப்8-ல்தான் எடுக்கப்போகிறோம். உடனே வாங்க வேண்டும் என்றும் இல்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமாக்காரர்களுக்காகக் கேமரா வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு வாங்கலாம்.

டிரைபாடு கனமாக, ஆட்டம் இல்லாமல் இருக்கட்டும். கேமராவைத் தாங்கும் தலைப்பகுதி கியர் ஹெட்டாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது. சாதாரண பால் ஹெட்டில் (உருண்டைத் தலை) ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் நழுவும். கியர் ஹெட்டில் திருகைத் திருப்பத் திருப்ப நூல் பிடித்த மாதிரி நிற்கும்.

செல்போனில் தொடங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழகுவதற்குச் சரி. ஆனால் 0.5 என்று காட்டும் அந்த அகன்ற லென்ஸை விட்டுவிட்டு, சாதாரண 1எக்ஸ் லென்ஸில், டிரைபாடில் வைத்து எடுங்கள். காசு வாங்கி எடுக்கும் நிலைக்கு வந்தபிறகு கேமரா வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் அறை இருட்டையும் சேர்த்துப் பிடிப்பதில் கேமராவின் ரா ஃபைலுக்கு ஈடு இல்லை.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: சென்னைக் காற்றில் இருக்கும் ஈரத்தில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராகப் பால்கனிக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். பத்து நிமிடம் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. அதனால் படம் எடுக்கும் நாளில் ஏசியைப் போடவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று வீடு, காசில்லாமல்

உங்கள் வீடு, ஒரு சொந்தக்காரர் வீடு, ஆள் காலி செய்துபோன ஒரு வாடகை வீடு. இந்த மூன்றையும் எடுங்கள். மூன்றும் மூன்று பாடம். நம் வீட்டில் சாமான்களின் நடுவே எடுக்கப் பழகுவீர்கள். சொந்தக்காரர் வீட்டில் வேறொருவர் பொருளை எப்படிக் கேட்டு நகர்த்துவது என்று தெரியும். காலி வீடுதான் கஷ்டமானது: கண்ணுக்குப் பிடிமானமாக ஒன்றும் இல்லாத நான்கு சுவரை அழகாகக் காட்ட வேண்டும். அங்கே வெளிச்சம் மட்டும்தான் துணை.

மூன்றிலிருந்தும் சேர்த்துப் பதினைந்து படம் பொறுக்கி எடுங்கள். அதற்குமேல் வேண்டாம். பார்க்கிறவர் உங்கள் நல்ல படத்தை மறந்து மோசமான படத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்.

போவதற்கு முன் ஒரு போன்

நான் இதைக் கேட்காமல் போய் ஒரு நாளைத் தொலைத்திருக்கிறேன். மேடவாக்கம் தாண்டி ஒரு காலி ஃப்ளாட். போய் நின்றால் கரண்ட் இல்லை, பில் கட்டாமல் இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் அசோசியேஷன் அனுமதி வேறு இல்லை என்று வாட்ச்மேன் மறித்தார். அன்றிலிருந்து போனில் வரிசையாகக் கேட்டுவிடுகிறேன்: கரண்ட் இருக்கிறதா? எல்லா பல்பும் எரிகிறதா? வீட்டில் ஆள் இருக்கிறார்களா? சாவி யாரிடம்? அசோசியேஷன் செயலாளரிடம் சொல்லியாகிவிட்டதா? தலைவாசல் எந்தத் திசை பார்த்தது?

திசையைக் கேட்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, வெயில். இரண்டு, நம் ஊரில் வீடு வாங்க வருபவர் முதலில் கேட்பதே வாஸ்துதான். படங்களோடு அனுப்பும் குறிப்பில் "கிழக்குப் பார்த்த தலைவாசல்" என்று எழுதிக் கொடுத்தால் புரோக்கர் உங்களை மறக்கமாட்டார். சொன்னதை நம்பாமல் போனில் உள்ள காம்பஸில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முந்தைய நாள் வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். பால்கனிக் கொடியில் துணி வேண்டாம். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர், பாத்திரக் கூடை கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் மருந்து டப்பா, காலண்டர், வாசல் செருப்பு எல்லாம் கொஞ்ச நேரம் உள்ளே போகட்டும். பாத்ரூம் வாளி, மக் வெளியே. கார் பார்க்கிங்கில் வண்டி இருந்தால் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள், பார்க்கிங் படம் முக்கியம்.

அப்புறம், செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். பூஜை அறையை எடுக்கலாமா என்று வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள். சுவரில் மாலை போட்ட தாத்தா படம் இருந்தால் நீங்களாகத் தொடவேண்டாம். "அம்மா, இந்தப் பக்கச் சுவர் படத்துல வருது, தாத்தா படம் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். சிலர் இருக்கட்டும் என்பார்கள். அப்போது கோணத்தை நாம் மாற்றிக்கொள்வோம். பிள்ளைகளின் பள்ளிப் படம், வண்டி நம்பர், மேஜைமேல் கிடக்கும் பத்திரம் எதுவும் படத்தில் தெரியக்கூடாது. நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள்.

எத்தனை மணிக்குப் போவது

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது நம் ஊருக்கு அப்படியே பொருந்தாத இடம் இது.

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். அந்த நேரத்தில் வீட்டு முகப்பை எடுத்தால் சன்ஷேடின் நிழல் ஜன்னல்மேல் கறுப்பாக விழும். கிழக்குப் பார்த்த வீட்டைக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், மேற்குப் பார்த்ததை நான்கரைக்கு மேல் எடுங்கள். தெற்குப் பார்த்த வீட்டுக்கு மார்கழி, தை மாத வெயில் அருமையாக விழும்.

வடக்குப் பார்த்த வீடுதான் ஆட்களைக் குழப்பும். மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் காலையிலும் மாலையிலும் முகப்பில் சாய்வெயில் கிடைக்கும். டிசம்பரில் நாள் முழுக்க முகப்பு நிழலில் இருக்கும். எவ்வளவு காத்திருந்தாலும் வெயில் வராது. அப்போது மேகமூட்டமான நாளிலோ அந்திக்கருக்கலிலோ எடுப்பதுதான் வழி.

அந்திக்கருக்கல் படம் எல்லோருக்கும் பிடிக்கும்: வானம் கருநீலம், ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். ஆனால் ஐரோப்பாவில் போல நம் வானம் காத்திருக்காது. சூரியன் மறைந்தபின் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் கையில் இருக்கும். அதனால் சூரியன் மறையும் முன்பே டிரைபாடை நிறுத்தி, எல்லா அறை விளக்கையும் போட்டு, கோணத்தை முடிவுசெய்து நின்றுவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போங்கள். வான வெளிச்சமும் வீட்டு வெளிச்சமும் சமமாக வரும் அந்த ஒரு படத்தை வீட்டுக்கு வந்து தேர்ந்தெடுக்கலாம்.

டிரைபாடை எங்கே நிறுத்துவது

அறை வாசலில் நின்று பாருங்கள். வீடு வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அங்கிருந்துதான். அறையின் மூலையிலிருந்து இரண்டு சுவர் தெரியும்படி எடுத்தால் அறை இயல்பாக இருக்கும். மூன்று சுவரும் தெரிந்தால் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மாதிரி ஆகும். சுவருக்கு நேர் எதிரே, சமமாக நின்று எடுப்பதும் அழகு. அப்படி எடுக்கும்போது அரை அங்குலம் திரும்பினாலும் கண்ணை உறுத்தும்.

உயரம் நான்கு, நான்கரை அடி. நாம் நிற்கும் உயரத்தில் எடுத்தால் தரை எல்லாம் டைல்ஸாகவும் சோஃபா குட்டையாகவும் வரும். படுக்கையறையில் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். சமையலறையில் மேடையின் மேற்பரப்பு சிறிது தெரியவேண்டும், மேல் கப்போர்டின் அடிப்பாகம் தெரியக்கூடாது; அந்த இரண்டும் சேர்ந்து அமையும் உயரத்தைப் பிடியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: கேமரா மேலேயும் பார்க்கக்கூடாது, கீழேயும் பார்க்கக்கூடாது. சமமட்டத்தில் இருந்தால்தான் கதவு நிலையும் சுவர் மூலையும் செங்குத்தாக நிற்கும். கேமராவின் திரையில் கட்டம் போட்டுக்கொண்டு, படத்தின் ஓரத்தில் இருக்கும் கதவு நிலையைக் கட்டத்தின் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதைப் போலத்தான் இது. சரிந்த சுவரை எடிட்டிங்கில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும்.

லென்ஸின் கடைசி எல்லைவரை போகாதீர்கள். ஃபுல் ஃப்ரேமில் 16 மி.மீ.-ல் எடுத்தால் ஓரத்தில் இருக்கும் ஒற்றை சோஃபா கட்டில் நீளத்துக்கு இழுபடும், பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் ஆகிவிடும். 20 முதல் 24 மி.மீ.-க்குள் நின்றால் அறை அறையாக இருக்கும். பாத்ரூமுக்கு மட்டும் வேறு வழியில்லை, 16-க்குப் போகலாம்.

ஒரு ஹால், பக்கத்தில் நின்று பார்த்தால்

மூன்றாவது மாடி. ஹாலின் கடைசியில் பால்கனிக் கதவு, அதற்கு வெளியே நல்ல வெயில், ஒரு வேப்பமரம். உள்ளே இரண்டு டியூப்லைட், சோஃபாவுக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு.

முதலில் ஃபேனை அணையுங்கள். முழுதாக நிற்கும்வரை பொறுங்கள். ஒரு இறக்கை நேராகக் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் துடைப்பக் குச்சியால் லேசாகத் தள்ளி, மூன்று இறக்கையும் தெரியும்படி வையுங்கள். டிவி திரையில் ஜன்னல் பிரதிபலிக்கிறதா, பீரோக் கண்ணாடியில் நீங்களே தெரிகிறீர்களா என்று பாருங்கள்.

விளக்குக்கு வருவோம். டியூப்லைட் நீலம் கலந்த வெள்ளை, நிற அளவில் சுமார் 6,500 கெல்வின். மஞ்சள் பல்பு 3,000 அளவில். ஜன்னல் வெளிச்சம் நடுவில். மூன்றும் சேர்ந்தால் ஒரே வெள்ளைச் சுவரில் நீலம், மஞ்சள் என்று திட்டுத்திட்டாக வரும், எடிட்டிங்கில் அதோடு மல்லுக்கட்டவேண்டும். பகலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. வீட்டுக்காரர், "லைட் போட்டாத்தானே தம்பி பளிச்சுனு இருக்கும்" என்பார். கேமராத் திரையில் இரண்டையும் எடுத்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்வார். ஃபால்ஸ் சீலிங்கில் விளக்கு அலங்காரம் இருந்தால் மட்டும் அதைப் போட்டு ஒரு படம் தனியாக.

இனி அளவுகள். எஃப்8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் மோட். அறை நன்றாகத் தெரிய ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த அளவில் வேப்பமரம் வெள்ளையில் கரைந்துவிடும். அதனால் டிரைபாடை அசைக்காமல் நான்கு படம்: 1/4, 1/15, 1/60, 1/250. முதலாவதில் சோஃபாவின் அடி இருட்டு திறக்கும், கடைசியில் வேப்ப இலை ஒவ்வொன்றும் தெரியும். பிறகு இவற்றைக் கம்ப்யூட்டரில் சேர்ப்போம். கையால் பட்டனை அழுத்தாமல் இரண்டு நொடி டைமரோ ரிமோட்டோ வையுங்கள். கண்ணாடியில் தெரிவதாக இருந்தால் பத்து நொடி டைமரைப் போட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

விளக்கு போட்டு எடுக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/250 போன்ற வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழலாம். 1/50, 1/100 போன்ற வேகங்களில் அது அடங்கும். அதனால் ஜன்னலுக்காக எடுக்கும் அந்த வேகமான படத்தை மட்டும் விளக்கை அணைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கை பழகியபின் ஃப்ளாஷ் சேர்க்கலாம். இயற்கை வெளிச்சத்தில் ஒரு படம், கூரைமேல் ஃப்ளாஷ் அடித்து ஒரு படம், இரண்டையும் ஃபோட்டோஷாப்பில் அடுக்கி மென்மையாகக் கலப்பது. சுவரின் உண்மையான நிறம் அதில் கிடைக்கும். முதல் பத்து வீட்டுக்கு இது வேண்டாம்.

ஹால், சமையலறை, படுக்கையறைகள், பாத்ரூம் எல்லோரும் எடுப்பார்கள். வாங்குபவர் மனதில் இருக்கும் மற்றவற்றையும் எடுங்கள்: யுடிலிட்டி, பார்க்கிங், லிஃப்ட், மாடிப்படி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, சம்ப், தெருவின் அகலம். மழைக்காலத்தைப் பார்த்த சென்னைக்காரர் தெருவையும் தரைத்தளத்தின் உயரத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார். இருபது, இருபத்தைந்து படத்தில் ஒரு ஃப்ளாட்டை முடித்துவிடலாம்.

எடிட்டிங்கும், அழிக்கக்கூடாததும்

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் வரிசை எளிது. லென்ஸ் கரெக்‌ஷன், பிறகு நான்கு படங்களை ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆர் மெர்ஜ், பிறகு அப்ரைட் கருவியால் கோடுகளை நிமிர்த்துவது, வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ், வெளிச்சம். மாதச் சந்தா கட்ட முடியாதவர்களுக்கு டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவசம், இரண்டிலும் நல்ல வேலை செய்யலாம். எச்டிஆர் அளவுமீறினால் சுவர் சாம்பல் பூத்து, நிழலே இல்லாமல் பொம்மை வீடு மாதிரி வரும். நிழல் கொஞ்சம் இருக்கட்டும்.

ஒருமுறை குரோம்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில், படுக்கையறைச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு ஓதம். "அதை மட்டும் அழிச்சிடுங்க, பெயிண்ட் அடிச்சா போயிடும்" என்றார் உரிமையாளர். "பெயிண்ட் அடிச்சுட்டுச் சொல்லுங்க சார், நானே வந்து காசு வாங்காம எடுத்துத் தர்றேன்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் என் கோடு அங்கேதான். நாளைக்கு மாறிவிடும் விஷயத்தைச் சரிசெய்யலாம்: சாம்பல் வானம், சுவரில் ஆணித் துளை, தரையில் கிடக்கும் பிளக். வாங்குபவர் கூடவே வாழவேண்டிய விஷயத்தைத் தொடக்கூடாது: ஓதம், விரிசல், வாசலில் டிரான்ஸ்ஃபார்மர், உயர் அழுத்த மின்கம்பி, ஜன்னலை ஒட்டி நிற்கும் பக்கத்து வீட்டுச் சுவர். காலி அறையில் கம்ப்யூட்டரால் சோஃபா போட்டுக் காட்டினால், அது கற்பனை என்று படத்திலேயே எழுதிவிடுங்கள்.

பில்டர்களுக்கு வேலை செய்யும்போது இதில் சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, 12-ஆவது பிரிவில், விளம்பரத்திலோ மாதிரி ஃப்ளாட்டிலோ காட்டிய பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. "அந்த கம்பியை எடுத்துடுங்க" என்று கேட்கும் மார்க்கெட்டிங் ஆளிடம் இந்தப் பிரிவைச் சொன்னால் போதும், பெரும்பாலும் வற்புறுத்தமாட்டார்.

படங்களை எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில், நீளப் பக்கம் 2,048 பிக்சல் அளவில் ஒரு தொகுப்பு, அச்சுக்கு முழு அளவில் இன்னொரு தொகுப்பு என்று பிரித்துக் கொடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் நசுங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள் அல்லது டிரைவ் லிங்க் கொடுங்கள். வரிசையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங் என எந்த வீட்டு விளம்பரத் தளமானாலும் தேடுகிறவர் கண்ணில் படுவது முதல் படம்தான்.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாக

மனை, வில்லா, பெரிய பிராஜெக்ட் என்றால் மேலிருந்து படம் கேட்பார்கள். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல் உள்ள ட்ரோனைக் காசுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரைதான். மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊர் இது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்தில் சான்றிதழ் உள்ள ஒருவரோடு சேர்ந்து வேலை செய்வதே நல்லது.

விலை, பில், உரிமை

அடுத்தவர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து விலை வைத்தால் நஷ்டம் எங்கே வருகிறதென்றே தெரியாது. உங்கள் கணக்கைப் போடுங்கள். ஒரு உதாரணம்: மாதம் கைக்கு 40,000 ரூபாய் வேண்டும், பெட்ரோல், சாஃப்ட்வேர், ஹார்டு டிஸ்க், கேமரா தேய்மானம் எல்லாம் 10,000. ஒரு வீட்டுக்குப் போய்வர ஒன்றரை மணி, எடுக்க இரண்டு மணி, எடிட்டிங் மூன்று மணி. பேசுவது, அலைவது சேர்த்தால் மாதம் 14 வீடுதான் நிஜமாகச் செய்ய முடியும் என்று வையுங்கள். 50,000-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3,600. அதற்குக் கீழே இறங்கினால் சொந்தக் காசைப் போட்டு வேலை செய்கிறீர்கள். மூன்று வீடு சேர்ந்தாற்போல் தருபவருக்குக் கொஞ்சம் குறைக்கலாம். "முதல் வீடு ஃப்ரீயா பண்ணிக் குடுங்க, அப்புறம் நிறைய வரும்" என்பவருக்கு, நீங்கள் ஏற்கெனவே இலவசமாக எடுத்த அந்த மூன்று வீட்டைக் காட்டுங்கள்.

பாதி முன்பணம், மீதி படம் கைக்குப் போகும் முன். ஒரு பில்டர் அலுவலகத்தில் நான்கு மாதம் நடையாய் நடந்தபிறகுதான் இந்தப் பழக்கம் எனக்கு வந்தது. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வைத்துச் செய்துவிடலாம். பதிவு செய்திருந்தால், நிறுவனங்கள் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கம்பெனிகள் டிடிஎஸ் (வருமான வரிக்காக முன்பே பிடிக்கும் தொகை) பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தால் அதைக் குறித்துவையுங்கள், ரிட்டர்ன் போடும்போது அது உங்கள் கணக்கில் வரும்.

உரிமை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்க வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, எடுத்தவருக்கே படம் சொந்தம் என்று நினைக்கிறோம். நம் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வேறு மாதிரி: ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்குக்கூட அவர் அனுமதி தேவைப்படலாம். அதனால் வேலைக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: உரிமை என்னுடையது, இந்த வீட்டை விற்கும்வரை நீங்கள் எங்கும் பயன்படுத்தலாம், வேறொருவருக்குக் கொடுப்பதானால் தனிக் கட்டணம், என் வேலையைக் காட்ட நான் பயன்படுத்துவேன். டிசைனருக்கு எடுத்த படத்தை பில்டரும் டைல்ஸ் கம்பெனியும் சேர்த்துப் பயன்படுத்தும்போது இந்த ஒரு பக்கத்தின் அருமை தெரியும்.

ஆடியும் ஆவணியும்

ஆடி மாதத்தில் வீடு குடிபோகமாட்டார்கள், பத்திரப் பதிவைத் தள்ளிப்போடுவார்கள். மார்கழியிலும் அப்படியே. முதல் வருடம் ஆடியில் போன் அடிக்காதபோது தொழிலே முடிந்தது என்று பயந்துவிடாதீர்கள். அந்த நாட்களில் லென்ஸைச் சுத்தம் செய்து, பழைய ரா ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் பிரித்துச் சேமித்து, வேளச்சேரியோ கோவூரோ ஒரே ஒரு ஏரியாவை எடுத்துக்கொண்டு அங்குள்ள பில்டர், டிசைனர் அலுவலகங்களுக்கு அந்தப் பதினைந்து படத்தோடு நேரில் போய்வாருங்கள். ஆடி கடைசி வாரம் ஆவணி விளம்பரத்துக்குப் படம் தேடுவார்கள்; மார்கழி முடியும்போது தைக்கு. அப்போது ஒரே நாளில் மூன்று பேர் கூப்பிடுவார்கள். கிழக்குப் பார்த்த வீட்டைக் காலைக்கும், மேற்குப் பார்த்ததை மாலைக்கும் வைத்துக்கொண்டு, மூன்றாமவரிடம் மறுநாள் என்று சொல்லிவிடுங்கள்.